சால்மன் பேனும் கண்மாய் ரோகுவும்: மீன் தானாகவே பேனை விரட்டுமா?

மடையடி (பள்ளத்தூர்)

எல்லாருக்கும் வணக்கம். பள்ளத்தூர் பக்கம் ஒரு கண்மாயை மீன்பாசி ஏலத்தில் எடுத்து கட்லா, ரோகு, மிருகால் விட்டிருக்கிறேன். இந்த வருஷம் ரோகுவில் பேன் மொய்க்கிறது. கட்லாவிலும் இருக்கிறது, ஆனால் ரோகு அளவுக்கு இல்லை. துடுப்பின் அடியில், செவுள் மூடியை ஒட்டி, வயிற்றுப் பக்கம் என்று தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது. நகத்தால் தள்ளினால் வழுக்கி நகர்கிறதே தவிர பிடியை விடுவதில்லை. எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் ரத்தப் புள்ளி. மீன் மடைக் கல்லில் போய் உடம்பை உரசுகிறது, காரணமில்லாமல் துள்ளுகிறது, தவிடு போட்டால் வருவதில்லை.

ஒரு கடையில் கேட்டதற்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஊற்றினேன். பேன் குறைந்தது. தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்த பொடிப் பூச்சிகளும் சேர்ந்து செத்தன, கட்லா இளைக்க ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் பேன் திரும்ப வந்துவிட்டது.

என்னைக் குடைவது வேறு விஷயம். ஒரே வலையில் வரும் ரோகுவில் ஒன்றின் உடம்பு துடைத்துவிட்டது போல இருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றில் எண்ண முடியாத அளவுக்குப் பேன். தண்ணீரும் ஒன்று, குஞ்சு வாங்கிய இடமும் ஒன்று. அப்படியானால் சில மீனுக்குப் பேனை எதிர்க்கத் தெரிகிறதா? நார்வேயில் சால்மன் பண்ணைகளில் பேனைத் தாங்கும் மீனாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள் என்று மகன் சொன்னான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நுண்ணோக்கி (காரைக்குடி)

ஐயா, நான் மீன் நோய்கள் பற்றிப் படிக்கும் மாணவன். உங்கள் ரோகுவில் இருப்பது ஆர்குலஸ். சால்மனில் வருவது லெபியோஃப்தீரஸ் சால்மோனிஸ். இரண்டையும் பேன் என்றுதான் சொல்கிறோம், இரண்டும் இறால், நண்டு வகையறாதான், ஆனால் நெருங்கிய சொந்தம் இல்லை. ஆர்குலஸ் நன்னீர்ப் பேன். மீனை விட்டு மீன் நீந்திப் போகும். முட்டையிட மீனை விட்டு இறங்கி, கல், கட்டை, செடித் தண்டு என்று கெட்டியான எதிலாவது வரிசையாக ஒட்டி வைக்கும். சால்மன் பேன் கடலில் வாழ்வது, முட்டைச் சரத்தைத் தன் உடம்பிலேயே சுமக்கும். இந்த வித்தியாசம் உங்களுக்கு உதவும், பிறகு எழுதுகிறேன்.

கட்லா இளைத்ததற்குக் காரணம் நீங்கள் பார்த்த அந்தப் பொடிப் பூச்சிகள்தான். கட்லாவின் முக்கிய இரையே தண்ணீர்ப் பூச்சி போன்ற விலங்கு மிதவைகள். பேன் மருந்தாக விற்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் எல்லாம் பேனை மட்டும் தேடிக் கொல்லாது. பூச்சி, இறால் வகை உயிர் எதுவானாலும் கொல்லும். பேனோடு சேர்த்துக் கட்லாவின் சாப்பாட்டையும் அழித்துவிடுகிறது.

---

பெர்கன்_தேவகோட்டை

அண்ணே, நான் தேவகோட்டைக்காரி. இங்கே நார்வேயின் பெர்கனில் மீன் ஒட்டுண்ணி ஆய்வகம் ஒன்றில் வேலை. உங்கள் மகன் சொன்னது உண்மை. ஆனால் போக வேண்டிய தூரம் இன்னும் நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சால்மன் பேனுக்கு மொத்தம் எட்டுப் பருவம். பொரித்ததும் முதல் இரண்டு பருவங்களில் எதையும் தின்னாது, முட்டைக் கருவில் மிச்சமிருக்கும் சத்தை வைத்துக்கொண்டு மிதக்கும். மூன்றாம் பருவத்தில் அந்தக் கையிருப்பு தீர்வதற்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு. சால்மன் உடம்பிலிருந்து கசியும் ஐசோஃபோரோன் போன்ற பொருள்களின் வாசனையை வைத்து மீனை அடையாளம் காணும். பிடித்ததும் நெற்றியிலிருந்து ஒரு இழையை விட்டு, மீனின் தோலுக்குள் செருகிக்கொள்ளும். அடுத்த இரண்டு பருவமும் அந்த இழையில் கட்டுண்டு கிடக்கும், நகர முடியாது. அதற்கப்புறம்தான் இழையை விட்டுவிட்டு மீன் மேல் ஊர்ந்து, சளியையும் தோலையும் ரத்தத்தையும் தின்று பெரிதாகும். முழு வளர்ச்சி அடைந்த பெண் பேன் சுமார் 1 சென்டிமீட்டர் நீளம். வாலுக்குப் பின்னால் இரண்டு முட்டைச் சரம் தொங்கும், அவற்றில் நூற்றுக்கணக்கான முட்டைகள்.

மீன் ஜெயிக்க வேண்டுமானால் பேன் இழையில் கட்டுண்டு கிடக்கும் அந்த நாட்களில் ஜெயிக்க வேண்டும். ஊர ஆரம்பித்த பேனை மீனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இதை மிக அழகாகச் செய்யும் மீன் ஒன்று இருக்கிறது. பசிபிக் கடலின் கோஹோ சால்மன். 1990களின் தொடக்கத்தில் கனடாவில் கோஹோ, சினூக், அட்லாண்டிக் சால்மன் மூன்றுக்கும் ஒரே மாதிரி பேனை விட்டுப் பார்த்தார்கள். கோஹோவில் பேன் ஒட்டிய இடத்துக்குச் சீக்கிரமே வெள்ளணுக்கள் வந்து குவிந்தன. மேல்தோல் செல்கள் பெருகித் தடித்தன. சில இடங்களில் தோல் பேனின் மேலேயே வளர்ந்து அதை மூடிவிட்டது. இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலான பேன் உதிர்ந்துபோயிற்று. காலில் தைத்த கருவேல முள்ளைச் சீழ் வைத்து உடம்பே வெளியே தள்ளுமே, அந்த வேலைதான்.

அட்லாண்டிக் சால்மனின் தோலை அதே கட்டத்தில் வெட்டிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கும். பேனின் இழை தோலுக்குள் இறங்கியிருக்கும். சுற்றிலும் அங்கங்கே சில வெள்ளணுக்கள், அவ்வளவுதான். மீனுக்கு எதிரி உள்ளே வந்துவிட்டான் என்ற செய்தியே போய்ச் சேராதது போல இருக்கும். பேனும் சும்மா இருப்பதில்லை. அதன் சுரப்பில் ப்ராஸ்டாகிளாண்டின் ஈ2, ட்ரிப்சின் வகை நொதிகள் எல்லாம் இருக்கின்றன. அவை மீனின் அழற்சியை அமுக்கி வைக்கின்றன. கோஹோ இந்த அமுக்கலை மீறி வேலை செய்கிறது. நார்வே, ஸ்காட்லாந்து என்று உலகம் முழுக்கப் பண்ணைகளில் அதிகம் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மனால் அது முடிவதில்லை.

ஆனால் அட்லாண்டிக் சால்மனுக்குள்ளேயே மீனுக்கு மீன் வித்தியாசம் உண்டு. ஒரே தொட்டி, ஒரே எண்ணிக்கைப் பேன், ஆனாலும் சில குடும்பங்களில் ஒட்டுவது குறைவு. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு பிறப்பிலேயே வருவது. சோதனைக்குச் சோதனை மாறும், பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இனவிருத்திக்கு அது போதும். உங்கள் வலையில் நீங்கள் பார்த்ததும் இதே மாதிரியான விஷயமாக இருக்கலாம்.

---

செக்காலை

விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேவகோட்டைத் தங்கை எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. இதே நார்வேயில் நடந்த இன்னொரு கதையை நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது.

ஜைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்று ஒரு தட்டைப்புழு. நீளம் அரை மில்லிமீட்டர்தான். ஆற்றில், சால்மன் குஞ்சின் துடுப்பிலும் தோலிலும் கொக்கி போட்டு ஒட்டும். முட்டையிடாது, குட்டி போடும். அதிலும் தாயின் வயிற்றில் இருக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை வளர்ந்துகொண்டிருக்கும். எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் புழு பால்டிக் கடலில் வந்து விழும் ஆறுகளில் காலங்காலமாக இருந்தது. அங்கே இருக்கும் சால்மன், உதாரணத்துக்கு ரஷ்யாவின் நேவா ஆற்றுச் சால்மன், இதை உடம்பில் வைத்துக்கொண்டே பிழைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஒட்டும், பெருகும், அப்புறம் மீனின் உடம்பு அடக்கிவிடும். 1970களில் குஞ்சுகளோடு இந்தப் புழு நார்வேயின் ஆறுகளுக்கு வந்து சேர்ந்தது. அங்கே இருப்பதும் அதே அட்லாண்டிக் சால்மன்தான், ஒரே இனம். ஆனால் நார்வே ஆற்றுச் சால்மன் அதுவரை இந்தப் புழுவைப் பார்த்ததே இல்லை. குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புழு சுமார் 50 ஆறுகளுக்குப் பரவியது. கடைசியில் பல ஆறுகளில் ரோட்டினோன் என்ற மீன் நஞ்சை ஊற்றி, இருந்த மீன் அத்தனையையும் கொன்று, முன்பே எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த அந்தந்த ஆற்றுச் சால்மனின் வம்சத்தைத் திரும்ப விட வேண்டியதாயிற்று.

ஒரே இனம், ஒரே புழு. ஒரு பக்கம் பிழைக்கிறது, ஒரு பக்கம் அழிகிறது. எதிர்ப்பு என்பது மீனின் பருமனிலோ முரட்டுத்தனத்திலோ இல்லை. அந்த ஒட்டுண்ணியோடு அதன் முன்னோர் எத்தனை தலைமுறை மல்லுக்கட்டினார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே வேற்றுத் தண்ணீரிலிருந்து குஞ்சும் செடியும் வலையும் கொண்டுவரும்போது எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று மடையடித் தம்பியும் யோசிக்க வேண்டும். ஒரு கண்மாயில் இழுத்த வலையை வெயிலில் நன்றாகக் காயப் போடாமல் அடுத்த கண்மாயில் போடுவதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது.

---

சிங்கை_கொத்தமங்கலம்

நான் சிங்கப்பூரில் உணவகத்துக்கு மீன் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வாரம் தவறாமல் நார்வே சால்மன் பெட்டி பிரிப்பவன். ஒன்று கேட்க வேண்டும். கோஹோவுக்குப் பேன் பிரச்சினையே இல்லை என்றால் எல்லோரும் கோஹோவையே வளர்த்துவிட்டுப் போகலாமே?

இன்னொன்று, மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேனை எடுக்க மீனை வெந்நீரில் முக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பேன் தின்னும் சின்ன மீன்களைக் கூண்டுக்குள் விட்டு, அவை செத்துப்போனால் கணக்கே இல்லை என்கிறார்கள். மீனுக்கும் வலிக்கும். அதை விற்றுப் பிழைக்கும் நமக்கு அந்த அக்கறை வேண்டாமா?

---

பெர்கன்_தேவகோட்டை

வேண்டும் அண்ணே. நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்.

கோஹோவை வளர்க்கிறார்கள், சிலியில் பெரிய அளவில். அங்கே கேலிகஸ் ரோஜர்கிரெஸ்ஸி என்ற வேறு ஒரு பேன். அதுவும் அட்லாண்டிக் சால்மனைத்தான் வாட்டுகிறது, கோஹோ சமாளித்துக்கொள்கிறது. ஆனால் கோஹோ பசிபிக் மீன். அதை நார்வேக் கடலில் விட்டால், தப்பிப் போகும் மீன் அங்கே இருக்கும் ஆறுகளில் என்ன செய்யும்? செக்காலை ஐயா சொன்ன கதையைப் பட்ட நாடு அந்தத் துணிச்சலுக்கு வராது.

நீங்கள் கேள்விப்பட்ட சிகிச்சை முறைகளும் உண்மைதான். முதலில் மருந்துகளை நம்பினார்கள். 2000 வாக்கில் தீவனத்தில் கலந்து கொடுக்கும் எமாமெக்டின் வந்தபோது பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள். பத்து வருஷத்துக்குள் அதற்கு மசியாத பேன் பரவிவிட்டது. பைரித்ராய்டு, ஆர்கனோபாஸ்பேட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாவற்றுக்கும் இதே கதி. அப்புறம்தான் வெந்நீர், பிரஷ், தண்ணீர்ப் பீச்சல் என்று போனார்கள். வெந்நீர் என்றால் 28 முதல் 34 டிகிரி, அரை நிமிஷம் போல. நமக்கு அது குளத்துத் தண்ணீர்ச் சூடு. குளிர்ந்த கடலில் வாழும் சால்மனுக்கு அது வலி. 28 டிகிரிக்கு மேல் மீன் துடிக்கிறது, தப்பிக்க முட்டி மோதுகிறது என்று நார்வே ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். பேன் தின்னும் ராஸ், லம்ப் மீன்கள் பெருமளவில் சாவதும் மறைக்க முடியாத உண்மை.

சட்டமும் ஒரு காரணம். ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 பெண் பேன்தான் இருக்கலாம். வசந்தத்தில் காட்டுச் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வாரங்களில் 0.2. இவ்வளவு கடுமை ஏன் என்றால், கடல் கூண்டுகளில் இருக்கும் பண்ணை மீன் சுமார் 40 கோடி. வருஷம்தோறும் நார்வே ஆறுகளுக்குத் திரும்பும் காட்டுச் சால்மன் சுமார் 5 லட்சமோ அதற்கும் குறைவோதான். பண்ணையில் ஒரு மீனுக்கு அரைப் பேன் என்றாலும், பெருக்கிப் பார்த்தால் கடலில் கொட்டும் பேன் குஞ்சு எவ்வளவு! கையளவுகூட இல்லாத காட்டுக் குஞ்சு ஒன்றைக் கொல்ல சில பேன் போதும். 2017 முதல் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, காட்டுக் குஞ்சுகள் பேனால் எவ்வளவு சாகின்றன என்று பார்த்துத்தான் அந்தந்தப் பகுதியில் பண்ணை பெருகலாமா, குறைய வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள்.

ஆகவே இனவிருத்தி செய்யும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மடையடி அண்ணன் "பேனைத் தாங்கும் மீன்" என்று எழுதியிருந்தார். தாங்குவது வேறு, எதிர்ப்பது வேறு. தாங்கும் மீன் உடம்பு முழுக்கப் பேனோடு நன்றாக வளரும், பண்ணைக்காரருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அந்தப் பேன் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பண்ணைக்கும் காட்டு மீனுக்கும் அதுவே எமன். எதிர்க்கும் மீனில் பேனே நிற்காது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

---

மடையடி (பள்ளத்தூர்)

தாயி, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. செக்காலை சாருக்கும்.

எனக்கு ஒரு யோசனை. வைகாசியில் தண்ணீர் வற்றும்போது வலை இழுப்போம். அப்போது பேனே இல்லாத ரோகுவாகப் பார்த்து ஒதுக்கி, குஞ்சுப் பண்ணையில் கொடுத்து அதிலிருந்து குஞ்சு எடுக்கச் சொன்னால் போதாதா? ரோகு கண்மாயில் தானாக இனம் பெருக்காது, ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்க வேண்டும் என்று தெரியும். அதைப் பண்ணைக்காரர் பார்த்துக்கொள்வார்.

---

நுண்ணோக்கி (காரைக்குடி)

ஐயா, எண்ணம் நல்லது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த விஷயத்தின் உயிர்நாடியே அதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பேன் இல்லாத மீன் எதிர்ப்பு உள்ள மீனாக இருக்க வேண்டும் என்று இல்லை. கலிங்குப் பக்கம் ஆழத்தில் சுற்றிய மீனில் பேன் ஏறாமல் இருந்திருக்கலாம். பேன் முட்டை ஒட்டிய கட்டைகளுக்குப் பக்கத்திலேயே மேய்ந்த மீன் பாவம், எவ்வளவு எதிர்ப்பு இருந்தாலும் ஏறியிருக்கும். ஒரு தனி மீனைப் பார்த்து அதிர்ஷ்டம் எது, பிறவிக் குணம் எது என்று பிரிக்க முடியாது.

சால்மனில் இதற்குக் குடும்பமாகப் பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஆண், பெண் ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியின் குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு அடையாளம் இட்டு, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு, எண்ணிய அளவு பேன் குஞ்சுகளை விடுவார்கள். இழையில் கட்டுண்டு கிடக்கும் பருவத்தில் மீனை மயக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணுவார்கள். எந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் சராசரியாகக் குறைவாகப் பேன் சுமக்கின்றனவோ, அந்தக் குடும்பத்தில் பேனையே பார்க்காத உடன்பிறப்புகள் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன் ஆகும். இப்போது மரபணுக் குறியீடுகளையும் சேர்த்துப் பார்ப்பதால் கணிப்பு இன்னும் துல்லியம்.

எண்ணும்போது மீனின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரிய மீனுக்குத் தோல் பரப்பு அதிகம், பேனும் அதிகம் ஏறும். வெறும் எண்ணிக்கையை வைத்துப் பேன் குறைந்த மீனைத் தேர்ந்தால், நமக்கே தெரியாமல் சின்ன மீனைத் தேர்ந்துகொண்டிருப்போம். சில தலைமுறையில் குட்டை ரோகுதான் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. சால்மனுக்கு ஐபிஎன் என்று ஒரு வைரஸ் நோய். அதை எதிர்ப்பதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுப் பகுதிதான் காரணம் என்று 2000களின் கடைசியில் நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதி உள்ள மீனைத் தேர்ந்து விட்டதும் சில வருஷங்களில் நோய் வெகுவாகக் குறைந்தது. பேன் விஷயம் அப்படி இல்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் வேலை செய்கின்றன. அதனால் முன்னேற்றம் தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். சால்மனுக்கு ஒரு தலைமுறை என்பது சுமார் நான்கு வருஷம்.

---

செக்காலை

இதைப் படிக்கிறவர்கள், நார்வேக்காரன் செய்வான், நமக்கு இதெல்லாம் எங்கே என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டில் ரோகுவுக்கு ஏற்கெனவே இப்படிச் செய்திருக்கிறார்கள், அதுவும் நார்வேயோடு சேர்ந்தே.

நார்வே 1970களின் தொடக்கத்தில் சுமார் 40 ஆறுகளின் சால்மனைச் சேர்த்துக் குடும்ப முறை இனவிருத்தியைத் தொடங்கியது. அதை நடத்திய அக்வாஃபோர்ஸ்க் நிறுவனம் 1992ல் புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிஃபாவோடு கைகோத்தது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆறுகளின் ரோகுவையும் பண்ணை ரோகுவையும் கலந்து குடும்பம் குடும்பமாக வளர்த்தார்கள். 1997ல், சுதந்திரப் பொன்விழா ஆண்டில், ஜெயந்தி ரோகு வெளிவந்தது. வளர்ச்சி ஒரு தலைமுறைக்கு 17 சதவீதம் போலக் கூடியது. பிற்பாடு ஏரோமோனாஸ் பாக்டீரியாவை எதிர்ப்பதையும் ஒரு குணமாகச் சேர்த்துத் தேர்வு செய்தார்கள். பேன் பற்றியும் அங்கே நிறைய ஆய்வு நடந்திருக்கிறது.

ரோகுவைக் குளத்தில் ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறையே நம் நாட்டில் 1957ல் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌதுரி ஒடிசாவில் செய்துகாட்டியதுதான். அதற்கு முன்னால் ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பிடித்துத்தான் குளத்தில் விட்டார்கள். அடித்தளம் எல்லாம் நம்மிடம் இருக்கிறது. இல்லாதது பதிவேடு. எந்தத் தாய், எந்தத் தகப்பன், எந்த ஊர்க் குளத்தில் இந்தக் குஞ்சு எப்படி இருந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் நம் பக்கத்துக் குஞ்சுப் பண்ணைகளில் பெரும்பாலும் கிடையாது. நான்கைந்து தாய் மீனையே வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டுக் குஞ்சு எடுத்தால் வம்சம் நலிந்துதான் போகும்.

---

சிங்கை_கொத்தமங்கலம்

தங்கச்சி, நான்கு வருஷத்துக்கு ஒரு தலைமுறை என்றால் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? மரபணுத் திருத்தம் என்று ஒன்று பேசுகிறார்களே, கோஹோவின் குணத்தை அட்லாண்டிக் சால்மனுக்குக் கொடுப்பது? எனக்கு அதில் தயக்கம் உண்டு. பேனும் சும்மா இருக்குமா? மருந்தைத் தோற்கடித்த பேன் மீனின் எதிர்ப்பையும் தோற்கடிக்காதா?

---

பெர்கன்_தேவகோட்டை

கிரிஸ்ப்ரெசிஸ்ட் என்று ஒரு திட்டம் 2021ல் இங்கே நோஃபிமா ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் தொடங்கியது. கோஹோவிலும் பிங்க் சால்மனிலும் பேன் ஒட்டிய இடத்தில் எந்தச் செல்லில் எந்த மரபணு விழிக்கிறது, அட்லாண்டிக் சால்மனில் எது தூங்குகிறது என்று செல் செல்லாகப் பார்க்கிறார்கள். வேறு இனத்து மரபணுவைக் கொண்டுவந்து ஒட்டுவது நோக்கம் இல்லை. அட்லாண்டிக் சால்மனிடம் ஏற்கெனவே இருப்பதைக் கொஞ்சம் திருத்தி, சரியான நேரத்தில் விழிக்க வைக்க முடியுமா என்பதே கேள்வி. அந்த ஆராய்ச்சி தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட மீனைக் கடலில் விடுவதற்கு முன், அது தப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் வேண்டும். முதலில் மலடாக்கிவிட்டு விடலாமா என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

பேன் ஜெயிக்காதா என்றால், முயற்சி செய்யும். பண்ணை மீன்தான் கடலில் அதிகம், அதனால் பண்ணை மீனை நன்றாகத் தின்னத் தெரிந்த பேனுக்கே அதிகச் சந்ததி. ஆனால் மருந்தைத் தோற்கடிக்கப் பேனுக்கு ஒன்றிரண்டு மாற்றம் போதும். அழற்சி, சளி, இரும்புச்சத்தைப் பேனுக்குக் கிடைக்காமல் பதுக்குவது என்று பல பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்கும் மீனைத் தோற்கடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. கோஹோவும் அதன் பேனும் எத்தனையோ ஆயிரம் வருஷமாக ஒரே கடலில் இருக்கின்றன, கோஹோ இன்னும் உதிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

மடையடி அண்ணன் கண்மாய்க்கு இதில் நேரடியாக உதவுவது கனடா சோதனையின் இன்னொரு பாதி. அதே ஆய்வாளர்கள் கோஹோவின் உடம்பில் கார்டிசால் வகை ஹார்மோனை வைத்துப் பார்த்தார்கள். மீன் மிரண்டால், நெருக்கத்தில் தவித்தால், உடம்பில் சுரப்பது அதுதான். அவ்வளவு எதிர்ப்பு உள்ள கோஹோவில் அழற்சி அடங்கிப்போனது, பேன் உதிராமல் தங்கி வளர்ந்தது. பிறவியில் வந்த எதிர்ப்பு முழுசாக இருந்தும், மீன் தவிப்பில் இருந்தால் அது வேலைக்கு ஆகவில்லை.

பிங்க் சால்மன் சொல்வதும் இதைப் போன்றது. 0.7 கிராமுக்குக் கீழே இருக்கும் குஞ்சைப் பேன் கொன்றுவிடும். அந்த எடையைத் தாண்டிவிட்டால் அதே மீன் பேனை உதிர்த்துவிடும். தோல் முற்றுவதற்குள் பேன் ஏறினால் குஞ்சு தப்பாது.

---

செக்காலை

மடையடித் தம்பி, தங்கை எழுதியதை இரண்டு முறை படித்துவிடுங்கள். ஏலத்தொகையை எடுக்க வேண்டும் என்று அளவுக்கு மேல் குஞ்சு விடுவது, வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீரில் மீனை நெருக்கி வைப்பது, விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்தும் விட்டுவிடுவது. இவை எல்லாம் மீனைத் தவிக்க வைப்பவை. நல்ல வம்சக் குஞ்சு வாங்கியும் அதன் எதிர்ப்பை நாமே பறித்துவிடுகிறோம்.

---

நுண்ணோக்கி (காரைக்குடி)

முதலில் பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த வித்தியாசம் இதுதான். ஆர்குலஸ் முட்டையிட மீனை விட்டு இறங்கியே ஆக வேண்டும். சால்மன்காரர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. மூங்கில் தட்டி அல்லது பழைய பலகையைக் கயிற்றில் கட்டிக் கண்மாய்க்குள் அங்கங்கே தொங்கவிடுங்கள். பெண் பேன் அதில் வந்து முட்டை ஒட்டும். வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து, முட்டை வரிசையைச் சுரண்டிவிட்டு, முழு நாள் வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். நம் வெயிலில் முட்டை பொரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே கணக்கு. தண்ணீருக்குள் கிடக்கும் கருவேலங்கட்டைகளை முடிந்தவரை அப்புறப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பலகையை விட்டுவிட்டு அதில் போய் முட்டையிடும்.

வைகாசியில் வலை இழுக்கும்போது நான் வரலாமா ஐயா? மீனுக்கு மீன் பேன் எண்ணி, நீளமும் எடையும் எழுதி, எந்தக் குஞ்சுப் பண்ணையிலிருந்து வந்தது என்பதோடு சேர்த்துப் பதிந்தால் ஒரு தொடக்கமாக இருக்கும்.

---

மடையடி (பள்ளத்தூர்)

தாராளமாக வாங்க தம்பி. இரண்டு இடத்தில் குஞ்சு வாங்கிய கண்மாய் ஒன்று என் மச்சினனிடம் இருக்கிறது. ஒரு இடத்துக் குஞ்சுக்கு விடும்போதே துடுப்பு ஓரம் கத்தரித்துத்தான் விட்டான், எது வேகமாக வளர்கிறது என்று பார்க்க. அங்கேயும் எண்ணினால் ஒரே தண்ணீரில் இரண்டு வம்சத்தையும் பார்த்த மாதிரி ஆகும். அவனிடம் பேசிவிட்டேன், சம்மதம்தான்.

மருந்து இனி இல்லை. பலகை போட ஆள் சொல்லியிருக்கிறேன், கருவேலங்கட்டையை இந்த வாரமே இழுத்து வெளியே போடுகிறோம். அடுத்த தடவை குஞ்சு வாங்கும்போது தாய் மீனின் விவரம் எழுதித் தரும் பண்ணையில்தான் வாங்குவேன், விலை கொஞ்சம் கூடினாலும் சரி. எண்ணிக்கையையும் குறைத்துத்தான் விடப்போகிறேன்.

தாயி, நாங்கள் எழுதும் கணக்கை இங்கேயே போடுகிறோம், சரியாக எண்ணியிருக்கிறோமா என்று பார்த்துச் சொல்லுங்கள். தம்பி, வலை இழுக்கும் நாளுக்கு முதல் நாள் ராத்திரி இங்கே எழுதுகிறேன். தராசு என்னிடம் இருக்கிறது, மீனை மயக்கும் மருந்தும் அளவுகோலும் நீங்கள் கொண்டுவாருங்கள். விடிகாலை ஐந்தரைக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் ரோகு தாங்காது.